பாட்டில் பிரஷ் செடி

பங்குனி மாதத்தில் தில்லி, டேராடூன் முதலிய வடநாட்டு நகரங்களில் அலுவலக வளாகங்களிலும் குடியிருப்புகளின் வேலியோரங்களிலும் ஒரு செடி செக்கச் செவேலென்று பூத்து நிற்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். பெங்களூரில் இருப்பவர்கள் ஆண்டில் ஒரு முறைக்கு மேலும் அதைக் காண்பார்கள். புட்டியைக் கழுவும் தூரிகையைப் போலவே அதன் பூங்கொத்து அமைந்திருப்பதால், ஆங்கிலேயர் அதற்கு பாட்டில் பிரஷ் என்று பெயர் வைத்துவிட்டனர். தமிழில் இதைவிட நயமான பெயர் ஒன்றைச் சூட்டலாம் என்று நமக்கும் ஆசைதான். ஆயினும் நாற்றுப்பண்ணையில் போய்க் கேட்டால் அவர்களுக்கு விளங்கும் பெயர் இதுவே. ஆகையால் இப்பேச்சிலும் அதையே கொள்வோம்.

இச்செடியை ஆசையோடு வாங்கி வைத்தவர்களில் பலர் ஒரே குறையைச் சொல்கிறார்கள். வாங்கியபோது பூவும் மொட்டுமாக இருந்தது. முதலாண்டு ஓரளவு பூத்தது. அப்புறம் இலை மட்டுமே, பூவைக் காணோம் என்பதே அக்குறை. மண் சரியில்லை என்பார்கள், தண்ணீர் சரியில்லை என்பார்கள், விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்பாரும் உண்டு. நாம் கண்ட அளவில், பெரும்பாலான வீடுகளில் குற்றம் இவற்றில் எதிலும் இல்லை. தோட்டக்காரர் கையிலுள்ள கத்தரிக்கோலில் இருக்கிறது. இதனை விளக்க வேண்டுமானால் முதலில் அந்தப் பூவைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

பூ என்று நாம் கருதும் அந்தச் சிவப்புத் தூரிகை ஒரு பூ அன்று. தண்டைச் சுற்றி நெருக்கமாக அமைந்த பல சிறு பூக்களின் கூட்டம். ஒவ்வொரு சிறு பூவுக்கும் இதழ்கள் உண்டு. ஆனால் அவை மிகச் சிறியவை. பளிச்சென்ற நிறமும் அற்றவை. நம் கண்ணைக் கவரும் செந்நிற நூல்கள் யாவும் கேசரங்கள், அதாவது நுனியில் மகரந்தத்தைத் தாங்கி நிற்கும் தாள்கள். வாகைப் பூவையும் கொய்யாப் பூவையும் உற்றுப் பார்த்தவர்களுக்கு இவ்வமைப்பு புதிதன்று. வாகையோடு உள்ள ஒற்றுமை தோற்றத்தளவில்தான். கொய்யாவோடு உள்ளதோ உறவுமுறையால் வந்தது. கொய்யா, நாவல், கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய அனைத்தும் இச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தால் குடும்ப மணம் தெரியும். ஒரு வகையில் எலுமிச்சை மணமே வீசும்.

நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இனித்தான் வருகிறது. பல செடிகளில் கிளை நுனியில் பூ வந்துவிட்டால் அக்கிளையின் நீட்சி அத்துடன் முடிந்துவிடும். இங்கே அப்படியன்று. பூங்கொத்தின் நடுத்தண்டே உச்சியில் தளிர்விட்டு, பூவைத் தாண்டி மேலே வளர்ந்து செல்கிறது. கேசரங்கள் உதிர்ந்த இடத்தில் மணிமணியான கெட்டிக் காய்கள் தண்டை இறுகப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. அடுத்த பருவத்தில், நீண்டு வளர்ந்த அந்தத் தளிரின் முனையில் மீண்டும் பூ. ஆகவே பழைய கிளை ஒன்றை எடுத்துப் பார்த்தால், கொஞ்ச தூரம் இலை அல்லது இலையுதிர்ந்த தண்டு, பிறகு ஒரு சுற்றுக் காய்கள், மறுபடியும் இலை, மறுபடியும் காய்கள் என்று மாறி மாறி வரும். அக்கிளை எத்தனை தடவை பூத்தது என்பதை எண்ணியே சொல்லிவிடலாம். இக்காய்கள் ஆண்டுக்கணக்கில் மூடியபடியே இருக்கும். கிளை காய்ந்தாலோ தீயில் கருகினாலோ தான் அவை வாய் திறந்து விதையைச் சிந்தும். காட்டுத்தீ அடிக்கடி எழும் ஆஸ்திரேலியாவில் இது ஒரு சேமிப்பு முறை என்றே சொல்லலாம்.

இப்போது கத்தரிக்கோலுக்கு வருவோம். மொட்டு தோன்றும் இடம் தளிரின் முனை. நம் தோட்டக்காரர்களோ மார்கழி, தை மாதங்களில், மற்றச் செடிகளோடு சேர்த்து இதையும் உருண்டையாகவும் சதுரமாகவும் ஒழுங்காக வெட்டி நிறுத்திவிடுகிறார்கள். அப்பொழுது மண்ணில் விழுகிற ஒவ்வொரு முனையும் பங்குனியில் பூத்திருக்க வேண்டிய முனை. ஆண்டுதோறும் இவ்வாறே நடந்தால் ஆண்டுதோறும் பூவில்லை. பாட்டில் பிரஷைக் கவாத்து செய்ய உகந்த காலம் ஒன்றே ஒன்றுதான்: கேசரங்கள் வாடி உதிரத் தொடங்கியவுடன். வெட்ட வேண்டிய இடம், வாடிய பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே, காய் பிடிக்கவிருக்கும் பகுதி கத்தரியோடு போகும்படி. அவ்வாறு வெட்டினால் ஒரு முனை இருந்த இடத்தில் இரண்டு மூன்று தளிர்கள் வெடிக்கும். அத்தனையும் அடுத்த பருவத்தில் பூக்கும். காய்க்குச் செலவாகும் சத்தும் தளிருக்குப் போகும். தில்லியில் சித்திரை மாதத்திற்குள் இவ்வேலை முடிந்துவிட வேண்டும். அதற்குமேல் ஒத்திப்போட்டால், புதுத் தளிர்கள் முற்றி மொட்டுக்கட்டக் கிடைக்கும் காலம் குறுகிவிடும். வெட்டிய பின் வெயில் கடுமையாக இருப்பதால் அந்த வாரங்களில் மட்டும் தண்ணீரைச் சற்றுத் தாராளமாக விடுவது நல்லது.

பல ஆண்டுகள் கவனியாமல் விட்டு, அடியில் வெறும் கட்டையும் உச்சியில் கொஞ்சம் இலையுமாக நிற்கும் செடியை ஒரே நாளில் மொட்டையடித்து விடலாகாது. மூன்றில் ஒரு பங்குக் கிளைகளை இவ்வாண்டும், மற்றவற்றை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் குறைத்து வந்தால் செடி புதுப்பிறவி எடுக்கும். இளஞ்செடியாயின் கவாத்துக்குக் கத்தரியே வேண்டியதில்லை. தளிர் நுனிகளைக் கிள்ளி வந்தாலே போதும்.

இச்செடியின் தாயகம் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி. 1770ஆம் ஆண்டில் காப்டன் குக்கின் கப்பலில் சென்ற ஜோசப் பேங்க்ஸ், டேனியல் சோலாண்டர் என்னும் இருவர், பாட்டனி வளைகுடாவில் எண்ணற்ற செடிகளைத் திரட்டினர். அவ்வளைகுடாவுக்கு அப்பெயர் வந்ததும் அதனால்தான். அவர்கள் திரட்டியவற்றில் எலுமிச்சை மணமுடைய பாட்டில் பிரஷும் ஒன்று. 1794இல் வில்லியம் கர்ட்டிஸ் லண்டனில் தாம் நடத்திய தாவரவியல் இதழில் அதனைப் படத்துடன் வெளியிட்டார். 1814இல் ராபர்ட் பிரௌன் இவ்வினத்திற்குக் காலிஸ்டெமன் என்று பெயரிட்டார். அழகிய கேசரம் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன பெயர். இவை யாவும் மெலலூக்கா என்னும் பெரிய இனத்தில் அடங்கும் என்ற கருத்தின்படி 2006இல் பெயர்மாற்றங்கள் வெளியாயின. தாவரவியலார் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. எனவே ஒரே செடி ஒரு புத்தகத்தில் காலிஸ்டெமன் என்றும் மற்றொன்றில் மெலலூக்கா என்றும் காணப்பட்டால் நேயர்கள் குழம்ப வேண்டாம்.

நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுபவை இரண்டு. ஒன்று மேலே சொன்ன எலுமிச்சை மணமுடையது. கிளைகள் விறைப்பாக நிற்கும். பத்தடிக்குள் அடங்கும் புதர்ச்செடி. மற்றொன்று கிளைகள் கண்ணீர் சொரிவது போலத் தொங்கும் வகை. அது இருபதடியையும் எட்டிச் சிறு மரமாகிவிடும். பின்னது குவீன்ஸ்லாந்து, நியூ சௌத் வேல்ஸ் மாநிலங்களின் ஓடைக்கரைகளில் இயற்கையாக வளர்வது. வெள்ளம் வந்தால் அதில் நிற்கும். ஓடை வறண்டால் அதையும் பொறுக்கும். நம் மழைக்காலத்தையும் கோடையையும் அது சகித்துக்கொள்வதன் காரணம் இதுதான். தேன் மிகுந்த பூவாதலால் தாயகத்தில் தேனுண்ணிப் பறவைகளும் லோரிக்கீட் கிளிகளும் இதை மொய்க்கும். இங்கே அவ்வேலையை நம் தேன்சிட்டுகளும் தேனீக்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. பூத்த செடியின் அருகே காலையில் சிறிது நேரம் நின்றால் போதும், தேன்சிட்டு வராமல் இராது.

ஆயினும் வாங்குமுன் ஒன்று சிந்திக்க வேண்டும். நம் இல்லங்களில் செடி வைப்பதென்றால் பூஜைக்கு ஆகுமா, தலையில் சூடலாமா என்ற கேள்வி முதலில் எழும். பாட்டில் பிரஷ் இரண்டுக்கும் ஆகாது. மாலை தொடுக்க முடியாது. பறித்து வைத்தால் கேசரங்கள் உதிர்ந்து தட்டெல்லாம் சிவப்புத் தூளாகிவிடும். வாசலில் நான்கடி இடமே உள்ளவர்கள் ஒரு மல்லிகைப் பதியனையோ நந்தியாவட்டையையோ வைத்துக்கொள்வதே மேல் என்பது நம் அபிப்பிராயம். சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி, நாளில் ஆறு மணி நேரம் வெயில் படும் இடம் இருந்தால் மட்டுமே இச்செடியை நினைக்க வேண்டும். தொங்கும் வகைக்குப் பத்தடி வேண்டும். நிழலில் வைத்தால் அது செத்துவிடாது, பூக்கவும் பூக்காது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள், மூன்றடி அளவில் நின்றுவிடும் குட்டை வகை கிடைக்குமானால், பதினான்கு அங்குலத் தொட்டியில் வெயில்படும் பால்கனியில் வளர்க்கலாம். தொட்டியின் அடித்துளை அடைபடாதிருக்க வேண்டும். இரண்டாண்டுக்கு ஒரு முறை மண்ணை மாற்ற வேண்டும்.

நடும் காலம் ஊருக்கு ஊர் வேறுபடும். தில்லியிலும் அதனைச் சுற்றிய பகுதிகளிலும் ஆடி முதல் புரட்டாசி வரையில் நடலாம். தவறினால் மாசி மாதம். மும்பையில் பெருமழை சற்றுத் தணிந்த பின் நடுவது உத்தமம். பெங்களூரில் ஆனி மாதமே தொடங்கலாம். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி போதும். தோண்டிய மண்ணோடு அதில் மூன்றிலொரு பங்கு மக்கிய இலையெருவைக் கலந்து நிரப்ப வேண்டும். செடியின் கழுத்து தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் இருக்கட்டும். அடிமரத்தை ஒட்டாமல் இரண்டு அங்குல உயரத்திற்குச் சருகு மூடாக்கு இட்டால் வேர் குளிர்ச்சியாக இருக்கும்.

முதல் இரண்டு கோடைகளில் வாரம் இரு முறை ஆழமாக நீர் விட வேண்டும். தினமும் மேலாகத் தெளிப்பதால் வேர் மேலேயே தங்கிவிடும். வேரூன்றிய பின் செடி வறட்சியைத் தாங்கும். ஆனால் மொட்டுக்கட்டும் நாட்களில் நீர் கிடைத்தால் பூ நீண்டதாகவும் நிறம் ஆழ்ந்ததாகவும் வரும்.

தில்லிவாசிகளுக்கு மண்ணைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. பெங்களூரிலும் ஜாம்ஷெட்பூரிலும் உள்ள செம்மண் இச்செடிக்கு ஏற்றது. அங்கெல்லாம் தொல்லை குறைவு. யமுனைக்கரை வண்டலோ சுண்ணாம்புச் சார்புடையது. பல இடங்களில் சுக்கான்கல்லும் கலந்திருக்கும். போதாததற்கு, வீடு கட்டியபோது கொட்டிய காரையும் சிமெண்டும் சுவரோரத்து மண்ணில் புதைந்து கிடக்கும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரும் சேர்ந்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் இளந்தளிர்கள் மஞ்சளிக்கத் தொடங்கும். நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்றப் பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு என்று அறிக. மண்ணில் இரும்பு இல்லாமற்போய்விடவில்லை. காரமண்ணில் அது கரையாமல் இருப்பதால் வேருக்குக் கிட்டுவதில்லை. பலரும் இதைப் பசியென்று எண்ணி, எருவும் உரமும் மேன்மேலும் இடுகிறார்கள். அதனால் பயனில்லை. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்பதும் உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று விற்பதும் ஒன்றே. செடிக்கு உரக்கடையில் வாங்குவதே போதும். அதில் 5 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, வெயில் தாழ்ந்த பின் இலைகளில் தெளிக்கலாம். இரு வாரம் விட்டு மறுபடியும் தெளித்தால் தளிர் பசுமை பெறும். இது தற்காலிகப் பரிகாரந்தான். காரைக்கட்டிகளைப் பொறுக்கி எறிவது, இலைமக்கைத் தொடர்ந்து இடுவது, கந்தகத்தூளைச் சிறிதளவு மண்ணில் கிளறிவிடுவது, மழைநீரைச் சேமித்து ஊற்றுவது ஆகியவையே நீடித்த பலன் தரும்.

உரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய மண் பெரும்பாலும் மணிச்சத்துக் குறைந்த மண். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் உறவினமான கிரெவில்லியா, பேங்க்சியா செடிகளுக்கு மணிச்சத்து மிகுந்தால் நஞ்சாகவே முடியும். பாட்டில் பிரஷ் அவ்வளவு மென்மையானதன்று. ஆயினும் எலும்புத்தூளும் சூப்பர் பாஸ்பேட்டும் அதற்குத் தேவையில்லை. கவாத்துக்குப் பின் இரண்டு கூடை மக்கிய தொழு உரம் போதுமானது.

நோய்களும் குறைவே. சில சமயம் மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் கிளைகளில் அப்பும். அவற்றின் இனிப்புக் கழிவை நாடி எறும்பு வரும். இலைமேல் கரும்பூசணம் படியும். வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு நீரில் கலந்து அடித்தால் அடங்கும். எறும்பு வரிசையாக ஏறுவதைக் கண்டவுடனேயே கவனித்தால் மருந்தும் வேண்டியிராது.

அரசாங்க உத்தியோகத்திலும் வங்கிகளிலும் ரயில்வேயிலும் இருப்பவர்களுக்கு மாற்றல் உத்தரவு என்பது எந்த நாளிலும் வரக்கூடியது. ஐந்தாறு ஆண்டு வளர்த்த செடியை விட்டுப் போக மனம் வராமல், வேரோடு தோண்டிச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றுகிறவர்கள் உண்டு. வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். நிலத்தில் நன்கு ஊன்றிய பாட்டில் பிரஷ் வேர் கலைவதைப் பொறுப்பதில்லை; வழியிலோ சென்ற இடத்திலோ பெரும்பாலும் பட்டுப்போகும். இதில் உவமை தேடுவோர் தேடிக்கொள்ளலாம். நாம் பேசுவது வேரைப் பற்றித்தான். செடியை அங்கேயே விட்டு, போத்துகளை எடுத்துச் செல்வதே முறை.

ஆவணி, புரட்டாசியில் பாதி முற்றிய இவ்வாண்டுத் தண்டை நான்கு அங்குல நீளத்தில் கணுவுக்குக் கீழே நறுக்க வேண்டும். பூவோ மொட்டோ உள்ள தண்டு உதவாது. அடிப்பாதி இலைகளை அகற்றி, வேர்ப்பொடியில் தோய்த்து, மணலும் தேங்காய் நார்க்கழிவும் சமமாகக் கலந்த சட்டியில் நட்டு, பாலிதீன் உறையால் மூடி நிழலில் வைக்க வேண்டும். இரண்டு மாத அளவில் வேர் பிடிக்கும். எல்லாம் பிழைக்குமென்று எண்ணக்கூடாது. பத்து நட்டால் ஐந்து பிழைப்பதே திருப்தி. பிழைத்தவை தாய்ச்செடியின் நிறத்தையும் வடிவையும் அப்படியே கொண்டிருக்கும். இரண்டு மூன்று ஆண்டில் பூக்கும். மாற்றல் எதிர்பார்ப்பவர்கள் உத்தரவு வரும்வரை காத்திராமல், ஆண்டுதோறும் இரண்டு சட்டிகள் போட்டு வைத்திருப்பது புத்திசாலித்தனம். அதிகமானால் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஓராண்டேனும் முற்றிய காய்களைக் கிளையோடு வெட்டிக் காகித உறையில் போட்டு வைத்தால், சில நாட்களில் காய் திறந்து பொடி போன்ற விதை கொட்டும். அதை ஈர மணலின் மேல் தூவ வேண்டும், புதைக்கலாகாது. பூவாளியால் ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய்விடும்; ஆகையால் சட்டியை ஆழமற்ற தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்தே நீர் ஊறச் செய்ய வேண்டும். இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் முளைக்கும். ஆனால் பூக்க நான்கைந்து ஆண்டு ஆகலாம். தாயின் குணம் அப்படியே வருமென்ற நிச்சயமும் இல்லை.

விதை என்றதும் ஒரு வேண்டுகோள். இன்று நம்மவர் பலருடைய பிள்ளைகள் சிட்னியிலும் மெல்போர்னிலும் இருக்கிறார்கள். வரும்போது அழகான வகையின் விதையையோ கிளையையோ பெட்டியில் போட்டுக்கொண்டு வரச் சொல்லும் ஆசை எழக்கூடும். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை அதற்கு அனுமதியும் நோயற்றது என்ற சான்றும் வேண்டும் என்கிறது. இது வெறும் சம்பிரதாயம் அன்று. 1884இல் பிரேசில் நாட்டுக் கொய்யாவில் கண்டு விவரிக்கப்பட்ட துருநோய் ஒன்று, 2010இல் ஆஸ்திரேலியாவில் தோன்றிப் பாட்டில் பிரஷ் உட்பட இக்குடும்பத்துச் செடிகள் பலவற்றைத் தாக்கியது. கொய்யாவும் நாவலும் நம் ஏழை எளியவரின் கனிகள் என்பதை எண்ணினால், பெட்டியில் வரும் ஒரு கிளையின் பாரம் எவ்வளவு என்பது புரியும்.

அதேபோல், பண்ணை வீடோ தோட்டமோ உள்ளவர்கள் இச்செடியை இயற்கையான ஓடைக்கரைகளில் நடாதிருப்பது நன்று. தென்னாப்பிரிக்காவில் தொங்கும் வகை நீரோடைகளை ஒட்டித் தானாகப் பரவியிருக்கிறது. நீலகிரியில் விறகுக்கென்று சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கொண்டுவந்த ஆஸ்திரேலிய வாட்டில் மரங்கள் புல்வெளிகளை விழுங்கியதை உதகை சென்றவர்கள் பார்த்திருப்பார்கள். வீட்டுத் தோட்டத்தில், பூத்தவுடன் கவாத்து செய்து வரும் செடியில் காயே தங்குவதில்லை. அங்கே இந்தக் கவலைக்கும் இடமில்லை.